சீசன் முடிந்தபின் வட சென்னையில் எதைப் பார்ப்பது?

பறவை பார்ப்போர் குழுவில் வந்த கேள்வி, பிப்ரவரி 22

பறவை பார்ப்பதில் புதிதாக ஆசை வந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பத்து வருடமாகப் பறவை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். "இப்போ ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்? மார்ச்சோட வலசைப் பறவை எல்லாம் கிளம்பிடும். நவம்பர்ல வா" என்கிறார். போதாக்குறைக்கு நான் குடியிருப்பது கொடுங்கையூர். வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் ஊருக்கு அந்தப் பக்கம். இங்கே கோடையில் பருந்து, காக்கா தவிர வேறு ஏதாவது உண்டா, இல்லை நவம்பர் வரை சும்மா இருக்கட்டுமா?

என் பதில், பிப்ரவரி 22, இரவு

சும்மா இருக்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. வாத்துகள் போய்விடும். நானும் ஆறு வருடம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு பைனாகுலரைத் துடைத்து பீரோவில் வைத்தவன்தான். அப்புறம் மணலிப் பக்கம் இரவு ஷிப்ட் வேலை அமைந்தது. காலை ஆறு ஆறேகாலுக்கு வண்டியில் திரும்பும்போது வழியில் ஒரு குட்டை. எதிரே டீக்கடை. தூக்கத்தை விரட்ட டீ, டீ ஆறுவதற்குள் குட்டை. இப்படித்தான் எனக்கு மார்ச், ஏப்ரல், மே மாதங்கள் அறிமுகமாயின. பைனாகுலர் இப்போது வண்டிப் பெட்டியிலேயே கிடக்கிறது.

குட்டையின் பெயரைச் சொல்லமாட்டேன். உண்டிவில் வைத்திருக்கும் ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவில் என்பதோடு விடுங்கள். அது ஏரி கிடையாது, வரைபடத்தில் தேடினாலும் பெயர் வராது.

பிப்ரவரி 23

ஒன்று விட்டுப்போனது. கொடுங்கையூர் என்று சலித்துக்கொள்கிறீர்கள். குப்பைமேட்டைச் சுற்றி உண்ணிக்கொக்குகள் நிற்குமே, அவற்றைத் தினமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். இப்போது சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. இன்னும் சில வாரங்களில் தலை, கழுத்து, முதுகு எல்லாம் கேசரி நிறத்துக்கு ஏறும். ஒன்றில் ஆரம்பிக்கும், பக்கத்தில் நிற்பது வெள்ளையாகவே இருக்கும். எந்தத் தேதியில் முதல் கேசரி என்று குறித்து வையுங்கள். பைனாகுலர்கூட வேண்டாம்.

மார்ச் 2

இன்று வார விடுமுறை. ஒன்றரை மணி நேரம் குட்டையிலேயே இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டைக்குள் ஒரு கல்கம்பம் நிற்கிறது. யாரோ எப்போதோ வேலி போட்ட கம்பம், முள்கம்பி கோக்க அதில் 5 துளைகள். மழைக்காலத்தில் மேல்துளை மட்டும்தான் தெரியும். இன்று இரண்டாவது துளை வெளியே வந்துவிட்டது. எனக்கு நாள்காட்டி இந்தக் கம்பம்தான். தண்ணீர் ஒவ்வொரு துளையாக இறங்க இறங்க, வரும் பறவையின் காலும் அலகும் மாறும். நீந்துகிறவை முதலில் இடத்தைக் காலி செய்யும், அப்புறம் நெட்டைக்கால்காரர்கள், கடைசியில் சேற்றில் ஓடுகிற குட்டையர்கள். முழுக் குட்டையில் பறவை நடுவில் இருக்கும், நாம் கரையில் இருப்போம், கண் நோகும். வற்றும் குட்டையில் அவையே நம்மிடம் வந்து சேரும். வேறு எங்கே போகும்?

இன்றைய ஆட்கள்: நீலச்சிறகு வாத்து 17. நாமக்கோழி எண்ண முடியவில்லை, 60க்கு மேல். முக்குளிப்பான் 5. புள்ளிமூக்கு வாத்து 4, இவை உள்ளூர்க்காரர்கள், எங்கும் போகாது. ஆகாயத்தாமரை மேல் நீளவால் இலைக்கோழி 2, இப்போது வால் கிடையாது.

அந்த 17இல் 6 ஆண். நீலச்சிறகு வாத்து ஆணுக்குக் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வெள்ளையாக ஒரு பட்டை, கல்யாணத்துக்குத் திருநீறு பூசினாற்போல். செப்டம்பர், அக்டோபரில் அது வந்து இறங்கும்போது இந்தப் பட்டை இருக்காது. ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு, சாக்கில் செய்த பொம்மை மாதிரி. குளிர்காலம் பாதி தாண்டித்தான் ஆண் இறகு மாற்றி முழு உடுப்புக்கு வருகிறது. அதாவது எல்லோரும் கூட்டம் கூட்டமாக வந்து படமெடுக்கும்போது அழுக்குச் சட்டை. நல்ல சட்டை போட்டதும் நாம் "சீசன் முடிந்தது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம்.

மார்ச் 3

நாமக்கோழி என்று ஏன் பெயர் என்று கேட்டிருக்கிறார்கள். உடம்பு கறுப்பு, நெற்றியில் வெள்ளையாக ஒரு கேடயம், அலகும் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் நாமம் போட்ட மாதிரியே இருக்கும். வடகலையா தென்கலையா என்று எங்கள் டீக்கடையில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அலகோடு சேர்த்துப் பார்த்தால் பாதம் இருக்கிறது, தென்கலை என்பது என் கட்சி.

மார்ச் 9

ரெட்டேரி போனேன். இரட்டை ஏரி என்பதுதான் பேச்சில் ரெட்டேரி ஆனது, நடுவில் சாலை. லாரி சத்தத்தில் காது போய்விடும், ஆனால் பறவைகளுக்கு அது பழகிவிட்டது. 9 மணி வாக்கில் வெயில் ஏறியதும் கூழைக்கடா 11 மேலே வட்டமடித்தன. இறக்கையை ஒரு தரம்கூட அசைக்காமல், கீழிருந்து எழும் சூடான காற்றில் ஏறி ஏறி, புள்ளியாகி, அப்படியே வடக்கே சரிந்தன. வடக்கே ஆந்திராவில், சூளூர்ப்பேட்டைக்கு அப்பால் நேலப்பட்டு. கூழைக்கடாக்கள் கூடு வைக்கும் இடம், இந்த மாதங்களில் குஞ்சுகள் இருக்கும். இந்தப் 11உம் அங்கேதான் போயின என்று சத்தியம் செய்யமாட்டேன். திசை சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

கொரட்டூரா ரெட்டேரியா எது மேல் என்று கேட்டவருக்கு: நீலத் தாழைக்கோழி வேண்டுமென்றால் கொரட்டூர். சம்புக்குள்ளிருந்து நீலமும் ஊதாவுமாக வரும், சிவப்பு நெற்றி, காலைப் பார்த்தால் கோழிக்கு யாரோ பெரிய சைஸ் செருப்பு வாங்கிக் கொடுத்தது போல. தண்டை ஒடித்து, ஒரு காலால் கையில் பிடிப்பது மாதிரி பிடித்துத் தின்னும். கழிவுநீர் நாற்றத்துக்குக் கர்ச்சீப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் பற்றி. 8க்கு 40 அல்லது 8க்கு 42 போதும், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 40 அல்லது 42 மில்லிமீட்டர் அகலம். 20 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று விற்பதை வாங்காதீர்கள், கை நடுக்கமும் 20 மடங்காகத் தெரியும். என் முதல் பைனாகுலரை ஒரு கடையில் பேரம் பேசி 900 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரு கண்ணாடியும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. மாற்றித்தரக் கேட்டதற்கு, "சார், உங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டா பறவை கிடைக்குது" என்றார் கடைக்காரர். கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன். பணம் வரவில்லை.

மார்ச் 10

திருத்தம். நேற்று எழுதிய 11 கூழைக்கடாவில் 2 சங்குவளை நாரை. போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. பறக்கும்போது நாரை கழுத்தை நீட்டிக்கொள்ளும், காலும் பின்னால் குச்சியாக நீண்டிருக்கும். கூழைக்கடா கழுத்தை மடித்துத் தோளில் வைத்துக்கொள்ளும். இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சரி, 9.

மார்ச் 16

மடையான் மாறிவிட்டது!

குட்டையோரம் தெர்மகோல் பலகை மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் பெரியவர் ஒருவர் உண்டு. ஜிலேபிக் கெண்டைதான் மாட்டும். அவருக்குப் பத்தடி தள்ளி எப்போதும் ஒரு மடையான் நிற்கும். குருட்டுக்கொக்கு என்று அவர் சொல்வார், ஆள் கிட்டே போகும்வரை நகராது, கண் தெரியாது என்று அர்த்தம். கண் நன்றாகவே தெரியும். தன் நிறத்தின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. குளிர்காலம் முழுக்க அது சேற்றுநிறக் கோடு போட்ட ஒரு பழைய துணி. பறந்தால்தான் வெள்ளை இறக்கை திடுக்கென்று விரியும்.

இன்று அதன் முதுகு பழுத்த நாவல்பழத் தோலுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறம். தோளிலிருந்து முடிமுடியாக வால்வரை தொங்குகிறது. தலை வெளிர்மஞ்சள், பிடரியில் இரண்டு மூன்று நீள இறகு. அலகின் அடியில் நீலம், நடுவில் மஞ்சள், நுனி கறுப்பு. பெரியவரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தினி வருசமா பக்கத்துல நிக்குது, இது வேற எதோன்னு நெனச்சிருந்தேன் தம்பி" என்றார். அப்புறம், "சின்ன வயசுல இத அடிச்சி தின்னுருக்கேன். கானாங்கோழிதான் ருசி, இது கொஞ்சம் மீன் நாத்தம்" என்றும் சொன்னார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

கூடவே, எதிர்க்கரையில் ஊசிவால் வாத்து பெண் 2, தூங்கிக்கொண்டிருந்தன. இந்தக் குட்டையில் எனக்கு முதல் தடவை.

மார்ச் 18

அவை ஊசிவால் இல்லை. இன்று விழித்திருந்தன. அலகை முதுகு இறகுக்குள் செருகித் தூங்கும் பழுப்பு வாத்து எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். இன்று அலகை எடுத்தன. முன்பக்கம் அகன்று, தோசைத் திருப்பி மாதிரி. தட்டைவாயன். தண்ணீர்மேல் அந்த அலகை வைத்து இடதும் வலதுமாகத் துழாவிக்கொண்டே போயின. தூங்கும் வாத்துக்குப் பெயர் வைக்காதே என்று யாராவது எனக்கு வண்டியின் பெட்ரோல் டேங்க்கில் எழுதி ஒட்டுங்கள்.

மார்ச் 23

எண்ணூர். இது குட்டை இல்லை என்று திட்டாதீர்கள், வடசென்னைக்காரன் பறவை பற்றி எழுதிவிட்டு எண்ணூரை விட முடியாது.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். இங்கே நேரத்தை வெயில் தீர்மானிக்காது, கடலின் ஏற்றவற்றம்தான். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீர். வற்றத்தில் சேற்றுத்திட்டு வெளிவரும், உள்ளான்கள் என்ற சின்னக் கரைப்பறவைகள் அதன்மேல் சிந்திய கடுகு மாதிரி ஓடும். முதல் மூன்று தடவை இது தெரியாமல் போய், "எண்ணூரில் ஒன்றுமே இல்லை" என்று இதே குழுவில் எழுதியிருக்கிறேன். தேடினால் கிடைக்கும், தேடாதீர்கள்.

மீசை ஆலாக்கள் 30 போல. குளிர்காலத்தில் வெள்ளையாகத் திரிகிறவை, இப்போது சிலவற்றுக்கு வயிறு கரிபிடிக்க ஆரம்பித்திருக்கிறது. மே மாதத்துக்குள் தொப்பி கறுப்பு, வயிறு அடர்சாம்பல், நடுவில் கன்னம் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். அந்தக் கோடுதான் மீசை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இங்கே எண்ணெய் வந்து படர்ந்ததே, அப்போது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் தார் பூசினது போல நின்றதை நேரில் பார்த்தேன். கூழைக்கடா வெள்ளை என்பதே மறந்துபோகும் அளவுக்கு. இறகில் எண்ணெய் ஏறினால் தண்ணீரைத் தள்ளாது, உடம்புச் சூடும் நிற்காது, பறப்பதும் கஷ்டம். அது மூக்கால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கவும் செய்யும். இன்று பார்த்த 4 கூழைக்கடாவும் சுத்தமாக இருந்தன. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டில் மட்டும் கறுப்பு வளையம் இன்னும் இருக்கிறது.

திரும்பும்போது ஒரு காவலாளி வண்டியை நிறுத்தி எதைப் படம் எடுத்தாய் என்று கேட்டார். பறவை என்றேன். நம்பவில்லை. போனில் காட்டினேன், 40 படத்தில் 38 கலங்கல். "இதுக்கா வந்தீங்க?" என்று பரிதாபப்பட்டு விட்டுவிட்டார். உங்களுக்கும் நடக்கும். தெளிவில்லாத படம் நிறைய வைத்திருங்கள், நிரபராதி என்பதற்குச் சாட்சி.

மார்ச் 30

மூன்றாவது துளை வெளியே. நீலச்சிறகு வாத்து 0.

நேற்றுக் காலை 17உம் இருந்தன. முந்தாநாள் சாயங்காலம் ஒரு மாதிரி நிலைகொள்ளாமல் இருந்தன, கிளம்பும், ஒரு சுற்று வரும், இறங்கும், மறுபடி. ஏதோ நாய் விரட்டுகிறது என்று நினைத்தேன். வாத்துகள் பெரும்பாலும் இரவில்தான் வலசைப் பயணம் கிளம்பும். நான் ஷிப்டில் இருந்த நேரம், ஒருவேளை தலைக்கு மேலேயே போயிருக்கும். நடு ஆசியாவுக்கோ சைபீரியாவுக்கோ. குட்டையில் அவை இருந்த மூலையில் பாசி மட்டும் கலைந்து கிடந்தது.

"சீசன் முடிந்தது" என்று வீட்டுக்குப் போய்விடுகிறோமே என்று உங்களிடம் பெரிதாக வருத்தப்பட்டு எழுதினேன். ஐந்து வருடத்தில் ஒருதரம்கூட கிளம்பும் அந்த நிமிடத்தை நான் பார்த்ததில்லை. போன பிறகுதான் தெரியும்.

ஏப்ரல் 6

குட்டை நாற ஆரம்பித்துவிட்டது, அதனால் கூட்டம். நத்தைகுத்தி நாரை 14. சேற்றில் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். அதன் அலகுகள் நடுவில் சேராது, பாக்குவெட்டி மாதிரி இடைவெளி. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். 14இல் 3க்கு நேரான அலகு, அதாவது சின்னப் பிள்ளைகள்.

பவளக்காலி 8. இதைச் சேலை முந்தானை மாதிரி சிவப்புக் கால் என்று எழுதினேன், அழித்துவிட்டேன். அந்தக் காலைப் பார்த்தால் உவமை தேவைப்படாது.

கேள்வி கேட்டவர் இன்று தனியாக எழுதியிருந்தார்: கொடுங்கையூரில் முதல் கேசரிக் கொக்கு ஏப்ரல் 3. சபாஷ். குப்பைமேட்டில் எருமை முதுகில் சவாரி. எங்கள் பக்கம் பால்பண்ணை வழியில் நான் பார்த்தது ஏப்ரல் 5, எனக்கு முந்திவிட்டார்.

ஏப்ரல் 9

ஆள்காட்டி முட்டை! 3.

குட்டையின் மேற்குப் பக்கம் வற்றிய தரையில், பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கு ஓரமாக. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு சின்னப் பள்ளம், சுற்றி ஜல்லி, உடைந்த ஓடு, ஒரு சோடா மூடி. முட்டை மண்ணிறத்தில் கறுப்புத் திட்டு. நான் கிட்டத்தட்ட மிதித்துவிட்டேன். தாய் தலைக்கு மேலே வந்து கத்திய கத்தலில்தான் நின்றேன். ஆள்காட்டி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். வேட்டைக்காரன் வந்தால் காட்டையே எழுப்பிவிடும் என்பார்கள். இங்கே டீக்கடையை எழுப்பியது.

பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரமே பந்து வீசுகிறவன் ஓடிவரும் பாதைக்கு அது குறுக்கே பாய்ந்ததாம். "வேகமா ஓடி வந்தா அட்டாக் பண்ணுது அங்கிள், அதனால இப்ப எல்லாரும் ஸ்பின்தான்" என்றான் ஒருவன்.

ஏப்ரல் 11

முட்டை 4. இதுதான் முழுக் கணக்கு, பொதுவாக 4 வைக்கும். கூர்முனைகள் உள்பக்கம் பார்க்க, நாலும் பூவிதழ் மாதிரி.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பஞ்சாங்கப்படி இன்றுதான் இளவேனில் தொடக்கம், நேற்றுவரை பின்பனியாம். பங்குனியைப் பனிக்காலத்தில் சேர்த்தவர் தண்டையார்பேட்டையில் தகரக்கூரைக்குக் கீழே இருந்திருக்கமாட்டார். குயில் மட்டும் பஞ்சாங்கத்தை மதிக்கிறது. 4 மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. மாம்பழமும் வேப்பம்பூவும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். குட்டை போகவில்லை.

ஏப்ரல் 20

நாலாவது துளை. வெயில் 10 மணிக்கே தாங்கவில்லை. ஆள்காட்டியைப் பற்றி ஒரு புகார். அடைகாக்கும் பறவை அரை மணிக்கு ஒருதரம் எழுந்து குட்டைக்குப் போய்க் குளிக்கிறது. முட்டை வெயிலில் கிடக்க, இது தண்ணீரில் வயிற்றை ஆட்டி ஆட்டி விளையாடுகிறது. ஜோடி வந்து உட்காரும்வரை முட்டைக்குக் காவலே கிடையாது. இந்தத் தாய்க்கு அனுபவம் போதாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22

ஏப்ரல் 20 குறிப்பை அழிக்கவில்லை. என் அசட்டுத்தனம் அங்கேயே கிடக்கட்டும்.

இன்று மரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதை மட்டுமே பார்த்தேன். தண்ணீருக்குப் போகிறது. உட்கார்ந்து வயிற்று இறகைப் பிரித்து, சேலைத் தலைப்பை நனைப்பது போல அமுக்கி ஊறவைக்கிறது. தலையையோ இறக்கையையோ நனைப்பதே இல்லை. குளிக்கிற பறவை இப்படிச் செய்யாது. அப்புறம் பறக்காமல் விறுவிறுவென்று நடந்து கூட்டுக்கு வருகிறது, வயிற்றிலிருந்து சொட்டுகிறது, நடந்த வழியெல்லாம் காய்ந்த சேற்றில் கரும்புள்ளி. முட்டைகள்மேல் நின்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்து வயிற்றை இப்படியும் அப்படியும் தேய்க்கிறது. ஈரத்துணி போடுகிறது! வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க. புள்ளிகள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோயின, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டாவது பறவை நனைத்துக்கொண்டு வந்தது. முறை வைத்து மாறுகிறார்கள்.

சித்திரை வெயிலில் திறந்த தரையில் முட்டையிடுவது முட்டாள்தனம் என்று நினைத்தேன். நடக்கும் தூரத்தில் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது.

மே 1

"எல்லாம் போயாச்சா?" என்று கேட்டவருக்கு: இல்லை. பொரி உள்ளான் 3 இன்னும் சேற்றில், நடந்துகொண்டே வாலை ஆட்டுகின்றன. மஞ்சள் வாலாட்டி ஒன்று, மாம்பழ மஞ்சள், போன மாதம் அது கோதுமை நிறத்தில் இருந்தது. இவை கடைசி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ஒரு விஷயம் தெரியுமா, உள்ளான்களில் முதல் ஆட்கள் ஜூலை கடைசியிலேயே திரும்பிவிடுவார்கள். வடக்கே கோடை அவ்வளவு சின்னது. இடையில் ஜூன், ஜூலை என்று இரண்டு மூன்று மாதம்தான் காலி. பழவேற்காட்டில் அதுவும் கிடையாது, முதல் வருட இளம் பறவைகளில் சில போகாமல் இங்கேயே தங்கிவிடும். உங்கள் அலுவலக நண்பரிடம் நவம்பர் பற்றி மறுபடி கேளுங்கள்.

மே 5

கட்டட இடிபாடு ஏற்றிய லாரி ஒன்று குட்டையோரம் வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. கூட்டிலிருந்து முப்பதடி. நேற்று இரவு நடந்திருக்கிறது. டிரைவருக்குத் தெரிந்திருக்காது, இருட்டில் ஆள்காட்டி கத்தியிருக்கும், அவர் கேட்டிருக்கமாட்டார். அடுத்த லோடு எங்கே விழும் என்று தெரியவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. பையன்கள் இடிபாட்டிலிருந்தே கல் எடுத்து வழியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், லாரி திரும்ப முடியாதபடி. "பவுண்டரி லைன் அங்கிள்" என்றார்கள், கண்ணைப் பார்க்காமல்.

மே 9

பள்ளம் காலி. முட்டை இல்லை, ஓடும் இல்லை. பறவையும் கத்தவில்லை. ஓரமாக நாய்க் கால்தடம். 28 நாள் ஆகியிருந்தது, இன்னும் ஓரிரண்டு நாள் பொறுத்திருந்தால் பொரித்திருக்கும். இன்று வேறு எதுவும் எண்ணவில்லை.

மே 10

முட்டை ஓட்டைப் பற்றி இருவர் எழுதியிருக்கிறீர்கள்: பொரித்ததும் தாய் ஓட்டுத் துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிடும், குஞ்சு அன்றைக்கே நடக்க ஆரம்பித்துவிடும், அதனால் காலிப் பள்ளம் கெட்ட செய்தியாக இருக்க வேண்டியதில்லை என்று. எனக்கும் இது தெரியும். நாய்த் தடத்தைப் பார்த்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது.

மே 11

ஐந்தாவது துளை. கம்பத்தைச் சுற்றி மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர், பவளக்காலி 3 அதில். பெரியவர் தூண்டிலைச் சுருட்டிவிட்டார், ஐப்பசிக்கு மேல்தான் இனி.

இடிபாட்டுக் குவியல் பக்கம் போனேன். தலைக்கு மேல் பழைய கத்தல், இந்தத் தடவை இரண்டு பறவையும். நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து தரையைக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உடைந்த மொசைக் துண்டுக்கும் பாட்டில் கழுத்துக்கும் நடுவில் ஒரு கல்லுக்குக் கண் இருந்தது. மண்ணோடு படிந்து, கழுத்தை நீட்டி, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல். பிடரியில் வெள்ளை, முதுகில் திட்டுத்திட்டாக மணல்நிறம். ஒரு குஞ்சு. இரண்டாவது ஒன்று செங்கல்லுக்குப் பின்னால் இருந்தது, அல்லது அது செங்கல் துண்டாகவே இருக்கலாம், கிட்டே போய்ப் பார்க்க மனமில்லை. பின்வாங்கி டீக்கடைக்கு வந்துவிட்டேன். கத்தல் நின்றதும் அந்தக் கல் எழுந்து, உடம்புக்குப் பொருந்தாத நீளக் காலோடு, தண்ணீர்ப் பக்கம் ஓடியது.

கணக்கு: ஆள்காட்டி 2, குஞ்சு 1, செங்கல் அல்லது குஞ்சு 1.